தெரிந்தும் தெரியாமலும்

பாட்டி நடிக்கிறாரா?

எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. வாசலில் வந்து நிற்கும் பேரனைப் பார்த்து, "யாருப்பா அது?" என்கிறார். அவன் பேசிய பிறகுதான் முகம் மலர்கிறது. அதே பாட்டி, கூடையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டோடினால் சட்டென்று குனிந்து பிடித்துவிடுகிறார். மருமகளுக்குச் சந்தேகம் வருகிறது. "ஓடுற எலுமிச்சம்பழம் தெரியுது, நிக்கிற பேரன் தெரியலையாமா?"

பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கதை நேர்மாறு. செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை ஒன்று விடாமல் படிப்பார். எழுந்து நடந்தால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், வழியில் கிடக்கும் முக்காலியில் தடுக்கி விழுவார். "பொடி எழுத்து படிக்கிற கண்ணுக்கு இவ்ளோ பெரிய முக்காலி தெரியாதா? கவனம் இல்ல, அவ்வளவுதான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. "கண் தெரியுமா, தெரியாதா?" என்று நாம் கேட்பதில்தான் கோளாறு இருக்கிறது. தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவில் பரந்த ஒரு பகுதி உண்டு. கண்ணாடி போட்டு, மருந்து விட்டு, அறுவை சிகிச்சையும் செய்து, இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பிறகும் மிஞ்சி நிற்கும் பார்வைக் குறைவை மருத்துவர்கள் 'குறைபார்வை' என்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பார்வையின்மையிலிருந்து தனியாகப் பிரித்து, எல்லைக்கோடும் போட்டிருக்கிறது. அந்தக் கோட்டை ஒரே எண்ணால் போட முடியவில்லை. எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்பதற்கு ஓர் அளவு, எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதற்கு இன்னோர் அளவு. பாட்டிக்குப் போயிருப்பது முதலாவது. தாத்தாவுக்குப் போயிருப்பது இரண்டாவது.

கட்டைவிரல் நகத்தின் அகலம்

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உங்கள் பார்வை முழுக்கூர்மையோடு இருப்பது ஏறக்குறைய அந்த நகம் மறைக்கும் இடத்தில் மட்டும்தான். அதற்கு வெளியே விலக விலகக் கூர்மை வேகமாகக் குறைகிறது. நம்ப முடியாவிட்டால், இந்த வரியின் நடுச்சொல்லில் கண்ணை நிறுத்தி, அசைக்காமல், வரியின் கடைசிச் சொல்லைப் படித்துப் பாருங்கள். ஏதோ எழுத்து இருப்பது தெரியும். என்ன எழுத்து என்பது தெரியாது. கண் ஓயாமல் துள்ளித் துள்ளி இடம் மாறுவதால்தான் எல்லாமே தெளிவாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் மெல்லிய படலம் விழித்திரை. அதன் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்தில் 'மாகுலா' என்னும் மஞ்சள் புள்ளி இருக்கிறது. நிறமும் நுணுக்கமும் உணரும் கூம்பு உயிரணுக்கள் அதன் மையத்தில் நெருக்கியடித்துக் குவிந்திருக்கின்றன. விழித்திரையின் மற்ற பரப்பு முழுவதும் குச்சி உயிரணுக்களின் ஆட்சி. மங்கிய ஒளியையும் அசைவையும் கண்டுபிடிப்பதில் அவை கெட்டிக்காரர்கள், படிக்கத் தெரியாதவர்கள்.

திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளையில் காத்திருந்த தலைமுறையினருக்கு இந்த இரண்டு வேலைகளும் நன்றாகப் பழக்கம். தினமும் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சோறு வாங்கித் தின்றுவிட்டுப் போகும். ஊருக்குப் பெயர் கொடுத்தவை அவைதான் என்பார்கள். பறவை நூலார் கணக்கில் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகினம். இப்போது வருவதில்லை, வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த நாட்களில், கூட்டத்தில் ஒருவர் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணோரத்தில் ஏதோ அசையும். அவர் நினைப்பதற்கு முன்பே கண் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அதன்பின்தான் வெள்ளை உடல், கரிய இறகு ஓரம், மஞ்சள் முகம் என்று ஒவ்வொன்றாகத் துலங்கும். 'அங்கே ஏதோ வருகிறது' என்று சொன்னது விழித்திரையின் ஓரம். 'அது கழுகு' என்று சொன்னது நடு.

பாட்டிக்கு நடு கெட்டுவிட்டது. வயதால் வரும் மாகுலா சிதைவும், சர்க்கரை நோயால் மாகுலாவில் நீர் கோப்பதும் இப்படிச் செய்யும். முகத்தை நேராகப் பார்த்தால் மூக்கும் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். உருண்டோடும் எலுமிச்சையோ ஓரத்தில் விழுகிறது. ஓரம் நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் சிலர் பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்ப்பார்கள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கெட்டுப்போன நடுவை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் உங்கள் முகத்தை விழவைக்க அவர்கள் தாமே கண்டுபிடித்த வழி அது. குறைபார்வைப் பயிற்சியில் இதை முறையாகவே கற்றுத்தருகிறார்கள்.

தாத்தாவுக்கு ஓரங்கள் போய்விட்டன. கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் அரிக்கும். நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும். வரி விளம்பரத்துக்கு நகத்தளவு போதும். முக்காலிக்குப் போதாது. இளவயதிலேயே மாலைக்கண்ணாகத் தொடங்கி ஓரத்தைத் தின்றுகொண்டு வரும் பரம்பரை நோய்களும் உண்டு. நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அவற்றுக்கான வாய்ப்பு கூடுதல்.

பேருந்து வருகிறது

இனி நுணுக்கத்தை அளப்போம். கண் மருத்துவமனைச் சீட்டில் 6/60 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? மற்றவர்கள் 60 மீட்டரில் அடையாளம் காணும் எழுத்தை, இவர் 6 மீட்டர் நெருங்கினால்தான் அடையாளம் காண்பார். கேட்பதற்குச் சாதுவான எண். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில், திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் இந்த எண்ணோடு ஒருவரை நிற்கவைத்துப் பார்ப்போம்.

பேருந்தின் நெற்றிப் பலகையில் எழுத்துகள் 9 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கண்ணால் அதைச் சுமார் 60 மீட்டரில் படிக்கலாம். பேருந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. ஆக, நல்ல கண் உள்ளவருக்கு ஏறக்குறைய 11 விநாடி கிடைக்கிறது. படித்து, பையை எடுத்து, முன்னே வந்து, கை காட்ட அது தாராளம். 6/60 உள்ளவருக்கு அதே பலகை 6 மீட்டரில்தான் பிடிபடும். மிச்சமிருப்பது ஒரு விநாடி. ஊர்ப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து அவரைக் கடந்துவிடும். உண்மை நிலைமை இதைவிட மோசம். 6 மீட்டர் என்பது திணறித் திணறி எழுத்தைக் கண்டுபிடிக்கும் தூரம். சிரமமில்லாமல் வாசிக்க எழுத்து அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக வேண்டும். அதாவது பேருந்து மூக்குக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

பார்வை பத்தில் ஒன்றாகக் குறைந்தவருக்கு, நேரமும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. "பஸ் வந்து நின்னுச்சு, ஏறாம விட்டுட்டாரு" என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு விநாடியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது அவர் கையில் விரல் நீளத்துக்கு ஒரு சிறிய ஒற்றைக்கண் தொலைநோக்கியைக் கொடுப்போம். நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது. 6 மீட்டர் 24 ஆகிறது. ஒரு விநாடி நான்கு விநாடிக்கு மேல் ஆகிறது. கை காட்ட அது போதும். ஆனால் வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. பெரிதாக்கும் கருவி எதுவும் காட்சியைக் குறுக்கிவிடும். அதன் வழியே சாலையைத் துழாவினால் மரமும் சுவரும் தலைசுற்றலுமே மிஞ்சும். முதலில் வெறுங்கண்ணால் பேருந்தின் பெரிய உருவத்தைப் பிடிக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி, கருவியைப் புருவ எலும்பில் ஊன்றி, பார்வையை எடுக்காமல் அதைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பழக நாளாகும். பழகாமல் அலமாரியில் தூங்கும் தொலைநோக்கிகள் ஏராளம். கைபேசியில் படம் பிடித்து விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது இளையவர்களுக்குச் சுலபமாக வருகிறது. நெருங்கும் பேருந்துக்கு அது கொஞ்சம் தாமதம்தான். மருந்துக்கடைச் சீட்டுக்கும் சுவரில் ஒட்டிய அறிவிப்புக்கும் அருமையாக உதவுகிறது.

இதே கணக்கு வகுப்பறையிலும் நடக்கிறது. குறைபார்வை உள்ள குழந்தை புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கும். "தள்ளி வச்சுப் படி, கண்ணு கெட்டுடும்" என்று பெரியவர்கள் இழுத்துவிடுவார்கள். நாற்பது சென்டிமீட்டரில் இருந்த பக்கத்தைப் பத்துக்குக் கொண்டுவந்தால் எழுத்து நான்கு மடங்கு பெரிதாகிறது. காசு செலவில்லாத பூதக்கண்ணாடி அது. கண் பரிசோதனை ஏற்கெனவே முடிந்த குழந்தை என்றால், கிட்டே வைத்துப் படிப்பதால் அதன் நோய் கூடிவிடாது. தயவுசெய்து புத்தகத்தை இழுக்காதீர்கள். பரிசோதனையே செய்யாத குழந்தை என்றால் அது கிட்டப்பார்வையாக இருக்கலாம்; ஒரு கண்ணாடியோடு தீர்ந்துபோகும். முதியவர்களின் கண்வில்லை இறுகிவிட்டதால் அவர்களால் அத்தனை கிட்டத்தில் குவிக்க முடியாது. அதற்காகவே அதிகப் பவர் கொண்ட படிக்கும் கண்ணாடிகள் இருக்கின்றன.

இறங்கும் படி

திருக்கழுக்குன்றத்து மலைமேல் இருக்கும் வேதகிரீஸ்வரரைப் பார்க்க ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். குறைபார்வை உள்ள பலருக்கு ஏறுவதைவிட இறங்குவதே பயம். ஏறும்போது ஒவ்வொரு படியின் நெற்றியும் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. அதன் நிழல் ஒரு கோடாகத் தெரிகிறது. இறங்கும்போது நெற்றி மறைந்து மேற்பரப்பு மட்டும் தெரிகிறது. ஒரே கல், ஒரே நிறம், உச்சிவெயில். ஐந்நூறு படியும் ஒரே சரிவாகக் கலந்துவிடும்.

ஒரு பொருள் தன் பின்னணியிலிருந்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பதைத் 'துலக்கம்' என்று வைத்துக்கொள்வோம். மலையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அங்குள்ள பல்லவர் காலத்து ஒருகல் மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லில் கல்லெழுத்து. தனக்கென்று நிறம் இல்லாத அத்தகைய எழுத்துக்குத் துலக்கம் தருவது நிழல் மட்டுமே. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் பளிச்சென்று எழும். நேராக விழுந்தால் அமுங்கிப் போகும். கல்வெட்டு படிப்பவர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பது அதனால்தான். எழுத்தின் அளவு மாறவில்லை, படிப்பவரின் கண்ணும் மாறவில்லை. துலக்கம் மட்டும் மாறியது.

குறைபார்வையில் பெரும்பாலும் இந்தத் துலக்கத்தை உணரும் திறனும் சேர்ந்தே குறைகிறது. மருத்துவமனை அட்டையில் வெள்ளைமேல் கறுப்பாக அச்சடித்த எழுத்தைப் படித்துவிடும் ஒருவர், சாம்பல் தரையில் சாம்பல் படியில் தவறி விழுவது இதனால்தான். என்னைக் கேட்டால், குடும்பங்கள் உடனே, குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியது இதுதான். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வழியவிடும் பெரியவருக்கு, உள்ளே நிறமுள்ள ஒரு கோப்பை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோற்றைத் தேடுபவருக்கு வாழை இலை. விளக்கை முகத்துக்கு எதிரே வைக்காமல், தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழும்படி வைப்பது. வெளியே போகும்போது முன்பக்கம் நீண்ட தொப்பி.

கைத்தடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையைப் பாடியவர்களில் ஒருவரான சுந்தரர், திருவொற்றியூரை நீங்கியபோது இரு கண்ணும் இழந்தார் என்கிறது பெரியபுராணம். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அதைப் பிடித்துக்கொண்டுதான் காஞ்சிக்கு நடந்தார். அங்கே இடக்கண் வந்தது. வலக்கண் வந்தது திருவாரூரில். கோலும் ஒற்றைக்கண்ணும் வழித்துணையாக இருந்த காலத்தில் அவர் பயணத்தையும் நிறுத்தவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. இன்றோ, "கோலப் பிடிச்சா குருடுன்னு நினைப்பாங்க" என்று வீட்டிலேயே அடைந்துகிடக்கும் மனிதர்கள் எத்தனை பேர்! ஓரப்பார்வை போனவருக்கு வெள்ளைக்கோல் அவருடைய காலடியைக் காட்டும் இரண்டாவது கண். நடுப்பார்வை மிச்சமிருப்பவர் அதைப் பிடிப்பதில் எந்த ஏமாற்றும் இல்லை.

இல்லாதது தெரியும்போது

பார்வை குறைந்த முதியவர்கள் வீட்டாரிடம் சொல்லத் தயங்கும் ஒன்று உண்டு. திண்ணையில் சின்னச் சின்ன மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். சுவர் முழுக்கப் பூவேலை ஓடும். அறிமுகமில்லாத முகங்கள் வந்து நிற்கும். சத்தம் இருக்காது. அது நிஜமில்லை என்று பார்ப்பவருக்கே தெரியும்; ஆனாலும் தெரிகிறது. சொன்னால் மந்திரிக்க அழைத்துப் போவார்கள், இல்லாவிட்டால் மூளை கலங்கிவிட்டது என்பார்கள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்வார்கள்.

1760-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் பொனே இதை எழுதிவைத்தார். கண்புரையால் பார்வை மங்கிய, 89 வயதான அவருடைய தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்தன. புத்தி தெளிவாகவே இருந்தது. அந்த நிலைக்கு இன்றும் பொனேயின் பெயர்தான். கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்துபோனதும், அதற்காகக் காத்திருந்து பழகிய மூளைப்பகுதி தானாகவே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்பதே இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். விளக்கைப் போடுவது, கண்ணைச் சிமிட்டுவது, இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பார்ப்பது, எழுந்து நடப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பலருக்குக் காட்சியைக் கலைத்துவிடுகிறது. குரலும் சேர்ந்து கேட்டாலோ, ஆள் தடுமாறிப் பேசினாலோ காரணம் வேறாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு, "இது கண்ணால வர்றது, உங்களுக்குப் பைத்தியம் இல்ல" என்ற ஒரு சொல்லே பாதி மருந்து.

உளி, நெற்கதிர், சுண்ணாம்பு

இருக்கும் பார்வையைக் காப்பது ஊருக்கு ஊர் வேறுபடும். மாமல்லபுரத்துப் பட்டறைகளில் உளிமேல் சுத்தியல் விழும் ஒவ்வொரு அடிக்கும் கருங்கல் சில்லு பறக்கிறது. தலை மழுங்கி விரிந்த உளியிலிருந்து இரும்புத் துணுக்கும் தெறிக்கும். கண்ணுக்குள் புகுந்து தங்கிவிட்ட இரும்பு, வலி அடங்கிய பிறகும் மெல்லக் கரைந்து விழித்திரையை நஞ்சாக்கும். வலியில்லை என்பதால் விட்டுவிடுவதே பெரிய ஆபத்து. பாலிகார்பனேட் கண்ணாடி வியர்வையில் மங்குகிறது, நுணுக்க வேலைக்கு இடைஞ்சல் என்பவர்களின் குறை நியாயமானதே. குறைந்தது கல்லைப் பெயர்க்கும் வேலையிலும் இயந்திரத்தால் அறுக்கும் வேலையிலுமாவது அது கண்ணில் இருக்க வேண்டும். குத்தி நிற்கும் துணுக்கைப் பிடுங்கக் கூடாது, கசக்கக் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயலில் வேறு கதை. நெற்தாள் கருவிழியில் உரசும். கீறல் கண்ணுக்கே தெரியாது. அதன் வழியாகப் பூஞ்சை புகும். கருவிழிப் புண் எவ்வளவு பரவலானது என்று அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் மதுரை மாவட்டத்தில் கணக்கெடுத்தார்கள்: 1993-இல் பத்தாயிரம் பேருக்கு 11 பேருக்கு மேல். அமெரிக்க ஊர் ஒன்றின் கணக்கைப்போல் இது பத்து மடங்கு. தாய்ப்பால் பீய்ச்சுவது, நாக்கால் தூசி எடுப்பது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் அந்தக் கீறலுக்குக் கிருமி சேர்க்கும் வழிகள். மருந்துக்கடையில், "கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் இன்னும் கேடு. சிவப்பு மட்டும் வடியும். பூஞ்சை உள்ளே செழிக்கும். மாதக்கணக்கில் அதையே விட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தமும் ஏறி நரம்பு கெடும்.

சுண்ணாம்பு விஷயத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடும் குழந்தையின் கண்ணில் அது பீறிட்டால், அந்த இடத்திலேயே, குழாயோ குடமோ கிடைக்கும் நல்ல தண்ணீரால், இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் கழுவ வேண்டும். மருத்துவமனைக்கு ஓடுவது அதன் பிறகு.

சத்தமில்லாத நோய்களுக்கு நாள்காட்டிதான் காவல். சர்க்கரை உள்ளவர்கள், நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்மணியை விரித்து விழித்திரையைக் காட்ட வேண்டும். வீட்டில் ஒருவருக்குக் கிளாக்கோமா என்றால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். புரை பழுக்கட்டும் என்று காத்திருந்த காலம் போய்விட்டது. வேலைக்கு இடைஞ்சலானால் அப்போதே எடுத்துவிடலாம்.

மருத்துவர், "இதுக்கு மேல கண்ணாடியால முடியாது" என்றால், அடுத்து கேட்க வேண்டியது, "குறைபார்வைப் பிரிவு எங்கே இருக்கு?" என்பது. அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது கையில் எதைப் பார்க்க முடியவில்லையோ அதை எடுத்துப் போங்கள்: மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, பேரனின் பாடப் புத்தகம், நூல் கோக்க வேண்டிய ஊசி. "யாரைப் பார்க்கணும், எது படிக்கணும், எங்கே நடக்கணும்?" என்று அங்கே கேட்பார்கள். பாட்டி, "பேரன் மூஞ்சி" என்று சொல்லட்டும். தாத்தா முக்காலியைச் சொல்லட்டும். இருவருக்கும் வெவ்வேறு பரிசோதனை, வெவ்வேறு கருவி, வெவ்வேறு பயிற்சி.